எங்கிருந்து எடுத்தோம்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அடையாற்று முகத்துவாரம் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தேன். ஒரு மாணவி கைப்பேசியில் பார்த்ததை வரி மாறாமல் எழுதி வந்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்ற குறிப்பே இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் தயங்கியபடி, “டீச்சர், நீங்க குடுத்த நோட்ஸ்லயும் அது இல்லையே?” என்றாள்.

உண்மைதான். அது வேறொரு ஆசிரியை தயாரித்த குறிப்பு. வாட்ஸ்அப் குழுவில் வந்ததை, அவர் பெயரை நீக்கிவிட்டு நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். “நாம் இருவருமே திருத்தி எழுதுவோம்” என்றேன்.

பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகம் நம்மில் பலர் அறிந்ததே. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அந்தப் பெரியவர் பட்ட பாடு இங்கே நினைக்கத்தக்கது. சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் பல மேற்கோள்களைக் காட்டுகிறார். ஆனால் பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்வதில்லை; பிறரும் இவ்வாறு சொன்னார்கள் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். அவர் காலத்துப் புலவர்களுக்கு அந்த வரிகள் மனப்பாடமாக இருந்திருக்கலாம். பல நூற்றாண்டு கழித்து வந்தவரோ ஒவ்வொரு வரிக்கும் ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ, தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயரையும் ஊரையும் அவர் மறவாமல் குறித்தார்.

மேற்கோள் குறிப்பு நன்றி மட்டுமன்று. பின்னால் வருபவருக்கு நாம் காட்டும் வழி.

எப்போது குறிப்பிட வேண்டும்? தியாகராய நகரில் பனகல் பூங்கா இருக்கிறது என்பதற்குச் சான்று தேவையில்லை, யாரும் அறிந்தது. ஆனால் பிறருடைய சொற்கள், புள்ளிவிவரம், படம், வரைபடம் ஆகியவற்றை எடுத்தால் அவசியம் குறிப்பிட வேண்டும். சொற்களை மாற்றி எழுதினால் போதும் என்று நினைக்கிறோம். சொல் நம்முடையதானாலும் கருத்து அவருடையதே. நாமே பார்த்து, அளந்து எழுதியதற்கு நாமே சான்று. பார்த்த இடத்தையும் நாளையும் எழுதினால் போதும். ஐயம் வந்தால், “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று படிப்பவர் கேட்பாரா என எண்ணிப் பாருங்கள். கேட்பார் என்று தோன்றினால் குறிப்பிட்டுவிடுங்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் போதும். மேல்வகுப்பில் ஆசிரியர் பெயர், ஆண்டு, இணையப் பக்கமானால் பார்த்த தேதி ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

அந்த மாணவி செயல்திட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தாள். ஒரு பத்தியின் கீழ், “என் பாட்டி சொன்னது, பட்டினப்பாக்கம்” என்று எழுதித் தேதியும் போட்டிருந்தாள். அதுவரை அவள் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

நாளை நாம் கரும்பலகையில் எழுதும் குறிப்பின் கீழும் ஒரு வரி சேர்ப்போம். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.