கிளம்பாத வண்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் குறளும் சிலம்பும் பேசுவார் பலர் உளர். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஸ்பானர் பிடித்த கையோடு வந்து நிற்கிறேன். மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "சென்ற மார்கழியில் மூணாற்றில் நடந்ததைச் சொன்னால் போதும்" என்றார்கள். அதனையே சொல்லுகிறேன்.

மட்டாஞ்சேரியில் வாழும் நம் குடும்பங்கள் ஊருக்குப் புறப்பட்டால் தனித்தனியே புறப்படுவதில்லை. பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்டியில் ஏற வேண்டும். இப்பொழுது அதற்கென்றே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் அமைந்த வீட்டு வண்டிகள் வந்துவிட்டன. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் 'கேரவன் கேரளா' என்னும் பெயரால் இவ்வண்டிகளுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே வாகமண்ணில் அவற்றை நிறுத்தித் தங்குவதற்கான பூங்காவும் ஏற்பட்டது. வசதி மெத்த உண்டு. ஆயினும் வீடும் வண்டியும் ஒன்றானால் இரண்டின் நோயும் ஓரிடத்தில் சேரும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

போடிநாயக்கனூருக்கு அருகே உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் பேரனுக்குக் காதணி விழா. உறவினர் ஒருவரின் வண்டியில் பதினொருவர் புறப்பட்டோம். சிற்றுந்து ஒன்றை வீடாக மாற்றி அமைத்த வண்டி அது. மூணாற்றைக் கடந்து, மலைச்சாலையின் ஓரத்தில் சற்று அகன்ற இடத்தில் இரவு தங்கினோம். விடியற்காலையில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஓட்டுநர் தம்பி சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை முனகிற்று. பிறகு 'டக்' என்று ஓர் ஒலி. அவ்வளவுதான்.

உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. விசிறி சுழன்றது. ஆதலால் மின்சாரத்தில் குறை இல்லை, ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது என்று தம்பி தீர்ப்புக் கூறிவிட்டார். அன்பர்களே, வீட்டு வண்டிக்காரர் பலரும் முதலில் ஏமாறும் இடம் இதுவே. இத்தகைய வண்டியில் பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பாட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு, மற்றொன்று வீட்டின் விளக்கு, விசிறி, குளிர்பெட்டிக்கு. எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒரு ரிலே இரண்டையும் இணைத்து மின்னேற்றும். நின்றபின் பிரித்துவிடும். இரவெல்லாம் விளக்கெரித்தாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே வீட்டு விளக்கு எஞ்சினுக்குச் சாட்சி சொல்ல முடியாது. அண்டை வீட்டில் அடுப்பெரிந்தால் நம் வீட்டில் சோறு வெந்துவிடுமா?

எஞ்சின் பாட்டரியிலிருந்தே எரியும் முகப்பு விளக்கும் முழுச்சாட்சி அன்று. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரோ 200, 300 ஆம்பியர் கேட்கும். சிறு ஓடையில் தடையின்றி நீர் வருகிறது என்பதால் அதன் வழியே வெள்ளமும் வந்துவிடும் என்று சொல்ல இயலாது.

இதற்குள் இளைஞர்கள் ஒரு யோசனை செய்துவிட்டார்கள். "மாமா, சரிவுதானே! பிரேக்கை விட்டு உருட்டினால் தானே கிளம்பிவிடும்" என்றான் என் தங்கை மகன். நால்வர் பின்னே சென்று கைவைத்தும் விட்டனர். காது குத்த வேண்டிய குழந்தை பின்சக்கரத்தருகே கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு உடல் நடுங்கிற்று. சத்தமிட்டுத் தடுத்தேன். குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகே மூச்சு வந்தது.

ஏன் அத்துணை அச்சம்? எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை ஓரிரு முறை அழுத்துவதற்குள் தீர்ந்துபோம். பிறகு பிரேக் மிதி கல்லாகிவிடும். திசைதிருப்பும் சக்கரமும் கனத்துவிடும். பத்துப் பேருக்குரிய உடைமைகளைச் சுமந்த வண்டி, மலைச்சரிவில், வளைவுக்கு முன்னால், அந்நிலையில் உருளுவதை எண்ணிப் பாருங்கள். தானியங்கிக் கியர் உள்ள வண்டியானால், உருட்டிக் கிளப்புவது என்பதே இல்லை. சமவெளியில் பழைய லாரியைத் தள்ளிக் கிளப்பிய நம் பெரியவர்களின் வழக்கம் மலைக்கு ஒவ்வாது.

பிறகு நிதானமாக ஆராயத் தொடங்கினோம். சாவி திருப்பும்போது எழும் ஒலியே முதல் வாக்குமூலம். எந்த ஒலியும் இல்லையானால் ஃபியூஸ், சாவி விசை, கியர் நடுநிலையில் உள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். 'டகடக' என்று விரைவாக ஒலித்தால் பெரும்பாலும் பாட்டரி இளைத்திருக்கும், அல்லது அதன் முளையில் கவ்வி தளர்ந்திருக்கும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பிடிக்காவிட்டால் அது மின்சாரக் கதை அன்று. டீசல் வருகிறதா, வடிகட்டியில் நீர் சேர்ந்ததா, குழாயில் காற்று புகுந்ததா என்று அந்த வழியில் செல்ல வேண்டும். எங்கள் வண்டியோ முனகி, ஒரே 'டக்'குடன் நின்றது. வேண்டிய அளவு மின்னோட்டம் ஸ்டார்ட்டரைச் சேரவில்லை என்பது அதன் பொருள்.

பாட்டரி மூன்று மாதத்துக்கு முன் புதிதாக மாற்றியது. அப்பொழுதும் இதே கோளாறுதான் என்று உறவினர் அங்கே நின்றுகொண்டு சொன்னார்! பெட்டியிலிருந்த மல்டிமீட்டரை எடுத்தேன். பாட்டரியின் இரு முளைகளுக்கிடையே 12.6 வோல்ட். நல்ல பாட்டரிதான். தம்பியைச் சாவி திருப்பச் சொல்லி மீண்டும் பார்த்தேன். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பாட்டரி நிரபராதி. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முளையிலும், மற்றொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்தேன். அவ்விரண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டியவை. சாவி திருப்பும்போது அவற்றிடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 3 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று.

கள்வன் அகப்பட்டான். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருப்பது. ஆதலின் வண்டியின் சட்டத்தோடு அதற்கு இரும்புத் தொடர்பு சரிவர இராது. தடித்த செப்புப் பட்டை ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. 'எர்த்' என்பர். ஸ்டார்ட்டருக்குச் சென்ற மின்சாரம் அதன் வழியேதான் பாட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். அடியில் குனிந்து பார்த்தால், சட்டத்தில் அது முடுக்கப்பட்ட இடம் முழுதும் துரு! நம் மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில், காயலோரத்தில், மழைக்காலம் முழுதும் நின்ற வண்டி அல்லவா? விளக்குகளின் எர்த் சட்டத்தோடு இருந்ததால் அவை எரிந்தன. எஞ்சினுக்கு மட்டும் திரும்பும் வழி அடைபட்டது. கொச்சியின் வெப்பத்தில் எப்படியோ சமாளித்து வந்த வண்டி, மலைக்குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுமை மிகவே, கைவிரித்துவிட்டது. அதற்காக முன்னர் ஒரு நல்ல பாட்டரியைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். பணம் போனது ஒருபுறம் இருக்க, குற்றவாளியை உள்ளேயே வைத்துக்கொண்டு மலையேறியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்து எளிது. பாட்டரிக்குப் பாட்டரி இணைக்கும் கறுப்பு வடம் ஒன்று வண்டியில் இருந்தது. கியர் நடுநிலையில், கைப்பிரேக் இழுத்து, அதன் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மறுமுனையை எதிர்முளையிலும் கவ்வவிட்டோம். சாவி திருப்பியவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டது! வடத்தைக் கழற்றிவிட்டு, வழியில் எங்கும் எஞ்சினை நிறுத்தாமல் போடிமெட்டு இறங்கினோம். போடியில் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து, மீண்டும் முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். நல்ல நேரம் தவறவில்லை. குழந்தை மட்டும் ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டினான்.

வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்க நேர்ந்தால் ஒன்றை மறவாதீர்கள். பாட்டரியில் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு உண்டாகும். எனவே கடைசிக் கறுப்புக் கவ்வியை இளைத்த பாட்டரியின் முளையில் மாட்டாமல், விலகியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும். அப்பொழுதுதான் பொறி பறந்தாலும் வாயுவைத் தீண்டாது. 24 வோல்ட் பேருந்து பாட்டரியை 12 வோல்ட் வண்டியோடு இணைக்கவே கூடாது. கழற்றும்போது எதிர்முளை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

இன்னொரு செய்தி, நம் பஜார் சாலைப் பக்கத்தாருக்கு. அரிசியும் மிளகும் வைக்கும் கிடங்குகளின் அருகே பல மாதம் வண்டி நின்றால் எலி ஒயரைக் கடிக்கும். ஊருக்குப் புறப்படும் நாளன்று பார்க்காமல், ஒரு வாரம் முன்பே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால், கிளப்பியபோது செலவான மின்சாரமும் திரும்பி வராது. சற்று நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

அன்று பயன்பட்ட மல்டிமீட்டரைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டேன். அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில், கறுப்பு வடத்தோடு இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்டு யாரும் எடுத்துச் செல்லலாம். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.