நாவைத் தொட்ட விரல்



திக்கிப் பேசிய ஒருவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, அவரது நாவைத் தொட்டதை மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களின் வாயை நாம் என்றாவது பார்த்ததுண்டா?

வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் காலமெல்லாம் கன்னத்தில் அடக்கியவர்கள் இன்று எழுபதைக் கடந்து நம்மோடு வாழ்கிறார்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, மாறாத குரல் கம்மல் எதையும் வெளியே சொல்வதில்லை. “பல்செட் உரசுது” என்பார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதாம்!

பார்ப்பதற்கு ஒரு டார்ச் போதும். திருவனந்தபுரம் பகுதியில் 1996 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இப்படித்தான் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் குறைந்தன. “இந்த வயதில் எதற்கு அறுவைச் சிகிச்சை?” என்று நாமாகவே தீர்ப்பிடுகிறோம். அதை மருத்துவர் சொல்லட்டுமே.

சிகிச்சைக்குப் பின் சிலருக்குப் பேச்சு குழறுகிறது, எச்சில் வழிகிறது. திருப்பலிக்கு வரக் கூசுகிறார்கள். அப்பத்தை விழுங்க இயலாதவருக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபைச் சட்டம் 925 இடமளிக்கிறது. நம் அன்பியத்தில் அப்படி ஒருவர் இருந்தால், வரும் ஞாயிறுக்குள் பங்குத்தந்தையிடம் சொல்வோம்.