அம்பாப் பாட்டும் கிற்றார் வாசிப்பும்



சித்திரைப் பூரணையன்று வல்வெட்டித்துறையில் உறங்குவோர் மிகச் சிலரே. முத்துமாரி அம்மன் தீர்த்தோற்சவத்தை ஒட்டி அங்கு இந்திர விழா நடைபெறும். தெருக்கள் ஒளிவெள்ளத்தில் மிதக்க, நாதசுரமும் தவிலும் ஒருபால், கிற்றாரும் மேளமும் கொண்ட இசைக்கோஷ்டிகள் மற்றொருபால் என இரவெல்லாம் இசை முழங்கும். அத்தகைய மேடையிலே தனிவாசிப்புக்கு எழுந்து நிற்கும் இளங் கிற்றார்க் கலைஞனின் நிலை எளிதன்று. தலைமுறை தலைமுறையாக நாதசுரம் கேட்டுப் பழகிய செவிகள் அவன் முன்னே இருக்கின்றன. விரல்கள் மின்னலென ஓடினாலும், அவ்வோட்டத்திலே பேச்சு இல்லையெனின், கூட்டம் மெல்லக் கச்சான் கடைப் பக்கம் நகர்ந்துவிடும்.

இன்று அவன் பயில்வது பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையைப் பார்த்து. எந்தத் தந்தியில் எவ்விடத்தில் விரல் வைப்பது என்பதை அது செவ்வனே காட்டுகிறது. எப்பொழுது வைப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பது என்பவற்றைப் படம் சொல்லாது. புளூஸ் என்னும் இசையின் உயிரோ அவற்றிலேதான் இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலே உழைத்த கறுப்பின மக்களின் கூவலும் வேலைப்பாட்டும் புளூஸுக்கு ஊற்று. ஒருவர் ஓர் அடி எடுப்பார். ஏனையோர் மறுமொழி தருவர். வடமராட்சிக் கரையிலே இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கரைவலை இழுக்கையில் ஒருவர் அம்பா எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்பது வழக்கமாயிருந்தது. அவ்வேற்பிலேதான் வலையிழுப்பும் விழும். முன்னவர் சொல்லைச் சற்று நீட்டலாம், சற்றுத் தாழ்த்திப் போடலாம். இழுப்பின் காலம் மட்டும் பிசகுவதில்லை. அமெரிக்க இசை நமக்கு அந்நியம் என்போருக்கு ஒன்று நினைவூட்டலாம். இவ்வூரிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்து, வல்வை மாலுமிகளின் பெயரை நாட்டியது. தூரம் என்பது அவர்களுக்கு ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

இனி, புளூஸின் அமைப்பு. ஒரு சுற்றுக்கு 12 அளவுகள். அளவொன்றுக்கு 4 அடி. பாட்டு மூன்று வரிகளாய் அமையும். வரி ஒன்றுக்கு நான்கு அளவுகள். முதல் வரியையே இரண்டாம் முறையும் பாடி, மூன்றாவதில் மறுமொழி கூறுவது வழக்கம். ஆயினும் ஒரு வரிக்குரிய நான்கு அளவுகளில் ஏறக்குறைய இரண்டை மட்டுமே குரல் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடம் வாத்தியத்துக்கு உரியது. கிற்றாரின் தனிவாசிப்பு பிறந்தது இந்த இடைவெளியிலேதான். எனவே அதனைக் கற்பவன் முதலில் வரியைப் பாடக் கற்கவேண்டும். இரண்டாம் வரி தொடங்கும்போது பக்கவாத்தியங்களின் ஆதாரம் மத்திமத்துக்குப் பெயர்கிறது. முன்பு வாசித்த அதே பிடியைத் திருப்பி வாசித்தாலும் அது வேறு பொருள் தருவது இதனால்தான். ஒரே சொல்லை முதலில் கேள்வியாகவும் பின்னர் ஏக்கமாகவும் சொல்வது போன்றது அது. புதிய பிடிகளைத் தேடி அலையும் மாணவன் இந்தச் செல்வத்தைக் காணாமலே போய்விடுகிறான்.

நடையைப் பற்றியும் கூறவேண்டும். புளூஸ் பெரும்பாலும் திசிர நடையிலே அசைகிறது. அடி ஒன்றைத் தகிட என மூன்றாகப் பகுத்து, ‘கி’யை ஒலிக்காமல் முதலசையையே அதன்மேல் நீட்டி, ‘ட’வை மட்டும் பின்னால் தட்டினால் அந்நடை வந்துவிடும். இதை ஏட்டிலே இரு சமபாகங்களாக எழுதிவிடுவதும் உண்டு. எழுதியபடியே வாசிப்பவனிடம் அசைவு செத்துப்போகிறது. இதற்கும் மேலாக, தேர்ந்த கலைஞர்கள் அடிக்குச் சற்றுப் பின்தங்கி ஸ்வரத்தை இடுவர். நமது அநாகத எடுப்பு கணக்குக்கு உட்பட்டது. இதுவோ கணக்கில் எழுதிவிட முடியாதது. கால் தாளத்தை விடாது பிடித்திருந்தால் மாத்திரமே கை இவ்வாறு சோம்பலாம்.

பி.பி. கிங் (1925–2015) இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. மெம்பிஸ் நகர வானொலியிலே அறிவிப்பாளராய் இருந்தவர் அவர் என்பது வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். பாடும்போது அவர் கிற்றாரை வாசிப்பதில்லை. பாடி நிறுத்தியபின் கிற்றார் பதில் கூறும். அவருடைய உறவினர் புக்கா வைட், தந்திமேல் வழுக்கும் கருவி கொண்டு குரலைப் போன்ற நாதத்தை எழுப்பியவர். அக்கருவி கைவராத கிங், அந்நாதத்தை நாடி இடக்கை விரலின் நடுக்கத்தாலேயே தம் பாணியைக் கண்டார். விரலால் தந்தியை வளைத்துச் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே ஓரிடத்தில் நிறுத்துவது இவ்விசையின் தனிச் சுவை. கமகம் கேட்டு வளர்ந்த செவிக்கு இது புதிதன்று. தைப்பொங்கலன்று வல்வைக் கடற்கரையிலே பட்டத்தில் பூட்டிய விண், காற்றின் விசைக்கேற்ப ஏறியும் இறங்கியும் கூவுவதைக் கேட்ட சிறுவனுக்கும் புதிதன்று.

ஆகவே பயிற்சி எவ்வாறு அமையவேண்டும்? தவில் மாணவன் சொற்கட்டை வாயாற் சொல்லிய பின்னரே கையால் வாசிக்கிறான். 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியை ஈந்த மண்ணிலே இம்முறையை வலியுறுத்தத் தேவையில்லை. கிற்றார் மாணவனும் ஒலித்தட்டிலிருந்து ஒரே ஒரு பிடியை எடுத்து, மூச்சு எங்கே முடிகிறது என்பது விளங்கும்வரை பாடட்டும். நாதசுரக்காரருக்கு மூச்சே வாக்கியத்தை முடித்துத் தருகிறது. கிற்றாருக்கு மூச்சில்லை, வாசிப்பவனே அதனை இரவலாகக் கொடுக்கவேண்டும். மூன்றே ஸ்வரங்களைக் கொண்டு, இரண்டு அளவு வாசித்து இரண்டு அளவு வாளாவிருந்து, 12 அளவுகளையும் கடந்து பார்க்கலாம். முதல் வாரம் அவ்வெறுமை தாங்கமுடியாததாய் இருக்கும்.

மிகக் கடினமான இடம் சுற்றின் கடைசி இரண்டு அளவுகள். பக்கவாத்தியங்கள் அங்கே ஆதாரத்துக்குத் திரும்பி, பின் பஞ்சமத்தைத் தொட்டு, அடுத்த சுற்றுக்கு வாயில் திறக்கும். தவிலில் தீர்மானம் வைக்கும் நேரத்தை ஒத்தது அது. எல்லா ஸ்வரங்களையும் அங்கே கொட்டிவிடவேண்டுமென்று கை துடிக்கும். பெரும்பாலும் அவ்விடத்துக்கு ஒரு ஸ்வரம் போதும். சில சுற்றுகளில் அதுவும் வேண்டியதில்லை.