மறைக்க முடியாத சிகிச்சை



மருந்தொன்றைச் சோதிக்கும்பொழுது, எவருக்கு எது கொடுக்கப்பட்டதென்பதை நோயாளியும் வைத்தியரும் அறியாதிருப்பதே சிறந்த முறையென்று படித்திருக்கிறோம். நியாயந்தான். புதுமருந்து கிடைத்ததென நம்புகிறவன் பாதி சுகம் வந்துவிட்டதென்பான். வைத்தியரும் அதைக் கேட்கவே விரும்புவார். ஆனால் மறைக்கவே முடியாத சிகிச்சைகளை என்செய்வது?

1956இல் சென்னையில் நிறுவப்பட்ட சயரோக ஆராய்ச்சி நிலையம் இச்சிக்கலைச் சந்தித்தது. சயரோகிக்கு ஓய்வும் நல்லுணவும் தரும் சனற்றோரியம் அவசியமா, அல்லது மருந்தை மட்டும் கொடுத்து வீட்டிலேயே குணப்படுத்தலாமா? நோயாளர் தொகைக்குக் கட்டில்கள் போதாத காலம் அது. ‘அவசியம்’ என்பது விடையானால், கட்டில் கிடையாத ஏழைகளின் கதி என்ன? 193 நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் இரு கூறாக்கி, யாவருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். தான் படுத்திருப்பது வீட்டுப் பாயிலா, சனற்றோரியக் கட்டிலிலா என்பதை எந்த நோயாளியிடம் மறைப்பது!

“உடம்பு எப்படி?” என்று கேட்டு முடிவுகட்டியிருந்தால் எல்லாம் பழுதாயிருக்கும். அவர்கள் சளியைக் குழாயிலிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி முளைக்கும், அல்லது முளையாது. நோயாளி எங்கே படுத்தானென்பது அதற்குத் தெரியாது. எக்ஸ்-கதிர்ப் படம் அப்படியன்று. பார்ப்பவர் கண்ணிலும் விருப்பு வெறுப்பு உண்டு. ஆதலாலே, 1948இல் வெளியான பிரித்தானிய ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், சிகிச்சை செய்த வைத்தியர்கள் யாவும் அறிந்திருந்தும், படங்களை வாசித்தவர்களுக்கு எது எவருடையதென்று சொல்லப்படவில்லை. மருந்து பெறாதவர்களுக்கு மாதக்கணக்காகப் போலி ஊசி குத்துவதற்கு யார்தான் மனம் ஒப்புவர்?

சென்னை முடிவு 1959இல் வெளியாயிற்று. ஆண்டிறுதியில் நோய் அடங்கியிருந்தோர் சனற்றோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். சனற்றோரியத்தில் உண்டு உறங்கியோர் நிறையில் கூடினர். குணத்தில் பெரும் வேறுபாடில்லை. வீட்டிலுள்ளோருக்குத் தொற்று மிகுமென்ற அச்சமும் தொடர்ந்த ஆய்வில் மெய்ப்படவில்லை.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டு நோயாளருக்குத் தாங்கள் கவனிக்கப்படுகிறோமென்பது தெரியும். எதிர்பாராத வேளையில் ஆட்கள் வந்து எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ஆகவே அந்த 86 மருந்தின் வெற்றி மட்டுமன்று. வீட்டிலே குணமாக்கலாமென்று இவ்வாய்வை எடுத்துக்காட்டுவோர், அந்த வாசற்படிகளில் ஓராண்டு ஏறியிறங்கிய ஊழியர்களை மறந்துவிடுகிறார்கள்.