ஏழடி அகலத்தில் ஒரு குடித்தனம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், இயந்திரவியல் பிரிவு 2011ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ இங்கிலாந்தில் படகில் குடியிருக்கிறாயாமே, அதையே பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். படகு என்றதும் காஷ்மீர் தால் ஏரியோ, ஆலப்புழையோ உங்கள் மனக்கண்ணில் வந்திருக்கும். அந்தப் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். நான் சொல்லப்போவது இரும்பு, பேட்டரி, கழிவுத்தொட்டி சமாச்சாரம். நம்ம டிபார்ட்மெண்ட் விஷயம்!

நானும் என் மனைவியும் நான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பிரான்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு படகில் வசிக்கிறோம். எங்கள் மகள் பிறந்ததும் அந்தப் படகுக்குத்தான் வந்தாள். ஏன் படகு? சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போனது. வீடு வாங்க முன்பணம் சேரவில்லை. கையில் இருந்த சேமிப்புக்கு ஒரு படகு வரும் என்று தெரிந்தது. அவ்வளவுதான் காரணம்.

அகலத்தை நிர்ணயித்தவர்

இந்தப் படகின் பெயர் 'நேரோபோட்'. நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். நீளமான படகுகள் 70 அடிக்கு மேலும் உண்டு. அகலம் மட்டும் மாறாது. ஏன் தெரியுமா? 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் டிரெண்ட்-மெர்சி கால்வாயை வடிவமைத்தபோது, லாக்குகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்ட முடிவெடுத்தார். லாக் என்பது மேடு பள்ளத்தில் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி. அகலம் குறைந்தால் கட்டுமானச் செலவும் குறையும், தண்ணீரும் மிச்சம். அப்படியும் ஒரு குறுகிய லாக் ஒருமுறை நிரம்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தேவைப்படும். பிரிண்ட்லி 1772இல் காலமானார், கால்வாய் 1777இல்தான் முடிந்தது. அவர் எடுத்த முடிவு இன்றைக்கும் என் கட்டிலின் அகலத்தை நிர்ணயிக்கிறது. தம்பிகளே, வரைபடத்தில் ஓர் அளவு எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கரியும் மண்பாண்டமும் சுமந்த கால்வாய்கள் அவை. உப்பும் விறகும் சுமந்த நம்ம பக்கிங்காம் கால்வாயைப் போலத்தான். ரயிலும் லாரியும் வந்தபின் அங்கேயும் சரக்கு போனது. ஆனால் 1946இல் மக்களே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் அமைத்துப் போராடிப் பல கால்வாய்களைக் காப்பாற்றினார்கள். 2012 முதல் 'கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கிறது.

வாங்கும்போது அடியைப் பார்

வீடு வாங்கினால் பத்திரம், பதிவு, வங்கிக்கடன் எல்லாம் உண்டு. படகுக்கு இவை கிடையாது. விற்றவர் கொடுக்கும் விற்பனை ரசீதுதான் ஆதாரம். வீட்டுக்கடன் கிடைக்காது, தனி வகைக் கடன் கிடைத்தாலும் வட்டி அதிகம். அடியில் நிலம் இல்லாததால், நிலத்தின் மதிப்பு ஏறுவதுபோல் ஏறவும் ஏறாது.

நாங்கள் முதலில் பார்த்த படகு உள்ளே அரண்மனை மாதிரி இருந்தது. ஓக் மரப்பலகை, கிரானைட் மேடை, பித்தளை விளக்கு. மனைவிக்கும் எனக்கும் பிடித்துப்போனது. விலையும் பேசியாகிவிட்டது. ஆனால் சர்வே செய்யாமல் பணம் தருவதில்லை என்று உறுதியாக இருந்தோம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து, சர்வேயர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு அல்ட்ராசானிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்தார். நாம் லேபில் படித்த அதே தத்துவம்தான்.

வழக்கமாக இந்தப் படகுகளுக்கு அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6 மி.மீ., மேலறை 4 மி.மீ. என்று கணக்கு. அந்தப் படகின் பக்கத்தகடு, எஞ்சின் பக்கம் நீர்மட்டத்தை ஒட்டி, 3.2 மி.மீ. காட்டியது. பல காப்பீட்டு நிறுவனங்கள் 4 மி.மீ.க்குக் கீழே போனால் ஒத்துக்கொள்வதில்லை. மேலே இன்னொரு தகடு பற்றவைக்கலாம், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு. கிரேனுக்கும் சர்வேக்கும் கொடுத்த பணம் போனது போகட்டும் என்று விட்டுவிட்டோம். அன்று மனைவி சொன்னது: "கண்ணுக்குத் தெரியற பளபளப்பு வேணாங்க. தண்ணிக்குள்ள இருக்கற இரும்பு நல்லா இருந்தா போதும்." அடுத்து வாங்கிய படகின் உள்ளே பழைய பிளைவுட்தான். அடி மட்டும் திடமாக இருந்தது.

இரும்பு ஏன் இப்படித் தேய்கிறது? துரு ஒரு காரணம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தூக்கித் தார்ப்பூச்சு அடிப்பது அதற்காகத்தான். இன்னொரு காரணம் மின்சாரம். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது, எர்த் கம்பி வழியாக என் படகும் பக்கத்துப் படகுகளும் இணைந்துவிடும். நடுவில் தண்ணீர். ஆக, நாமே ஒரு பேட்டரி! சத்தமில்லாமல் யாருடைய இரும்போ கரையும். அதனால் முதலில் கரைவதற்கென்றே மெக்னீசியம் கட்டிகளைப் படகின் வெளியே பற்றவைப்பார்கள். எர்த் கம்பியில் 'கால்வானிக் ஐசொலேட்டர்' வைப்பார்கள். நாம் பரீட்சைக்காகப் படித்த அரிமானப் பாடம் அங்கே என் வீட்டுச் சுவர்.

தினசரி வாழ்க்கை

உள்ளே புழங்கும் இடம் சுமார் 240 சதுர அடி. கரை மின்சாரம் இல்லாத இடத்தில் நின்றால், கையில் இருப்பது பேட்டரி மட்டுமே. 12 வோல்ட், 400 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி என்றால் காகிதத்தில் 4.8 யூனிட். பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். எனவே கையில் 2.4 யூனிட்தான். எலக்ட்ரிக் கெட்டிலில் ஐந்து நிமிடம் தண்ணீர் காய்ச்சினால் 14 ஆம்பியர்-மணி காலி. அதனால் காபிக்குக் கேஸ் அடுப்புதான். இங்கே தாய்மார்கள் கேட்பீர்கள், மாவு அரைக்க முடியுமா என்று. தாராளமாக! 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் ஏழு ஆம்பியர்-மணிக்குள் முடிந்துவிடும். குளிர்காலத்தில் மாவு பொங்குவதுதான் பாடு, பாத்திரத்தை இரும்பு அடுப்புப் பக்கம் வைத்துவிடுவோம். கோடையில் கூரையில் உள்ள சோலார் தகடு போதும். டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், எஞ்சினை ஓட்டித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

கேஸ் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன். பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் படகின் அடியில் தேங்கும், அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வாயு வெளியேறத் துளை இருக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கரி அடுப்பு எரியும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடுதான் எமன். நிறமில்லை, மணமில்லை. 2019 ஏப்ரல் முதல் அலாரம் கட்டாயம். குழந்தை தூங்கும் படகில் அந்தச் சின்னப் பெட்டியைவிடப் பெரிய சொத்து எங்களிடம் இல்லை.

எல்லோரும் கேட்க வெட்கப்பட்டு, கடைசியில் கேட்டே விடும் கேள்வி கழிப்பறை பற்றியது. சூட்கேஸ் மாதிரி சக்கரம் வைத்த 20 லிட்டர் தொட்டி. நிறைந்ததும் நாமே இழுத்துக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவி வர வேண்டும். பட்டதாரி, பெரிய வேலை என்பதெல்லாம் அங்கே செல்லாது. இந்த வேலையை இத்தனை தலைமுறையாக நம் ஊரில் யார் தலையில் கட்டினோம் என்று, தொட்டியை இழுத்துப் போகும்போது பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 500 லிட்டர் தண்ணீர் மூன்று நான்கு நாள்தான். குழாயைத் திறந்தால் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

விலாசம் என்ற பிரச்சினை

"தண்ணியில குடித்தனம் பண்றியே, கடுதாசி போட்டா எங்கடா வரும்?" என்று அம்மா கேட்டார். சிரித்தேன். ஆனால் வங்கியும், டாக்டரும், காப்பீட்டுக் கம்பெனியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகு உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும், பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. வேலையும் பள்ளிக்கூடமும் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய சங்கடம். குழந்தையின் பள்ளி நகராது, வீடு நகர்ந்தே ஆக வேண்டும். இடத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நியாயமும் அந்த விதியில் இருக்கிறது. ஆனால் வாடகை கட்ட முடியாமல் படகுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு லைசென்ஸ் போனால் வீடே போன மாதிரி.

நாங்கள் குடியிருப்பு அனுமதி உள்ள மரினாவில் இடம் பிடித்தோம். எல்லா மரினாவிலும் அந்த அனுமதி கிடையாது, பொழுதுபோக்குக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். வாங்குவதற்கு முன் இடத்தைத் தேடு, பிறகு படகைத் தேடு என்பது என் அறிவுரை. அனுமதி உள்ள இடத்திலும், வீட்டு வாடகைதாரருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு படகுக்காரருக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பச் சொல்லலாம். மகளுக்கு விரைவில் பள்ளி. இருப்பதா, கரை ஏறுவதா என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

லைசென்ஸ், நிறுத்துமிடம், காப்பீடு, கரி, டீசல், பூச்சு எல்லாம் கூட்டினால் படகு வாழ்க்கை மலிவு என்று சொல்ல மாட்டேன். வாடகையைவிடக் குறைவு, அவ்வளவே. தண்ணீர் இல்லாவிட்டால் நகரவும் முடியாது. 2025 கோடையில் மழை குறைந்து, லீட்ஸ்-லிவர்பூல் உட்படப் பல கால்வாய்களில் லாக்குகளை மூடினார்கள்.

மாணவச் செல்வங்களே, யாரும் படகு வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதை வாங்கினாலும் உங்கள் பணத்தில் ஒரு பகுதியை அளந்து பார்ப்பதற்குச் செலவிடுங்கள். ஒரு நாளைக்கு உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர், எத்தனை யூனிட், அந்தக் கழிவு எங்கே போகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். நம் கல்லூரி விடுதிக்கே இந்தக் கணக்கைப் போடலாம். போட்டு முதல்வரிடம் கொடுங்கள், அடுத்த மலரில் நாங்கள் படிக்கிறோம்.