நமக்கு நாமே எழுதும் கணக்கு



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டைத் தெரியாமல் இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய நோட்டு. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று கடனுக்கு வாங்கியதையெல்லாம் மளிகைக் கடைக்காரர் அதில் எழுதி வைப்பார். சம்பளம் போட்ட அன்று அப்பா கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டுவார். கடைக்காரர் ஒவ்வொரு வரியாகக் கோடு கிழிப்பார். எல்லா வரியும் அடிபட்ட மாதங்கள் எங்கள் வீட்டில் மிகக் குறைவு. மிஞ்சிய வரி அடுத்த பக்கத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில் நானும் அப்படி ஒரு நோட்டை வாங்கினேன். இனிச் செய்து முடிக்க வேண்டியவை என்று பதினொரு காரியங்களை அதில் எழுதினேன். நீந்தக் கற்பது, பத்துமலையின் 272 படிகளையும் இடையில் நிற்காமல் ஏறுவது, சீனியில்லாமல் காப்பி குடிப்பது, 1,330 குறளையும் நாளுக்கொன்றாகப் படித்து முடிப்பது என்று இப்படி. கினாபாலு மலையில் ஏறுவதும் அதில் உண்டு. அதன் உயரம் 4,095 மீட்டர் என்பதை எழுதிய பிறகுதான் பார்த்தேன். மூன்றாவது வரியில், "அண்ணனிடம் பேசுவது" என்று இருந்தது.

நான்கு ஆண்டுகளில் எட்டு வரிகளைக் கோடு கிழித்துவிட்டேன். காணும் நண்பர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டினேன். பதினொன்றுக்கு எட்டு என்றால் நல்ல மதிப்பெண் அல்லவா? ஆசிரியர் புத்தி, எதற்கும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும்.

அந்த வேளையில்தான் பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாறு மறுபடியும் என் கைக்கு வந்தது. 1706ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவருடைய தொழில் அச்சுத் தொழில். இருபத்தைந்து வயதை ஒட்டிய காலத்தில், குற்றமே இல்லாத மனிதனாகிவிடுவது என்று அவர் ஒரு திட்டம் போட்டார். மிதமான உணவு, பேச்சடக்கம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு என்று பன்னிரண்டு குணங்களை எழுதினார். நண்பர் ஒருவர், உமக்குத் தலைக்கனம் உண்டென்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்ன பிறகு, பணிவு என்பது பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது.

அவர் பட்டியலை எழுதியதோடு நின்றுவிடவில்லை. ஒரு சிறு குறிப்பேட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டார். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்தி. பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரி. ஒவ்வோர் இரவும் அன்றைய நாளை எண்ணிப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். நாம் செய்ததற்குக் கோடு கிழிக்கிறோம். அவர் செய்யத் தவறியதற்குப் புள்ளி வைத்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ஒன்றும் கைக்கு வராது என்று, ஒரு வாரம் முழுவதும் ஒரே குணத்தில் கண்ணாக இருந்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை விழுந்தபோது, யானைத் தந்தத் தகடுகளாலான குறிப்பேட்டுக்கு மாறினார். அதில் பென்சிலால் வைத்த புள்ளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுந்திருப்பதைக் கண்டு வியந்துபோனதாக அவரே எழுதுகிறார். மிகவும் தொல்லை கொடுத்தது ஒழுங்கு. பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பதும், வேலைகளை அததன் நேரத்தில் செய்வதும் அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை. இதற்கு அவர் ஒரு கதை சொல்கிறார். ஒருவர் கொல்லரிடம் கோடரி வாங்கினார். விளிம்பு பளபளப்பதைப்போல் முகம் முழுவதும் பளபளக்க வேண்டும் என்றார். சாணைச் சக்கரத்தை நீர் சுற்றினால் தீட்டித் தருகிறேன் என்றார் கொல்லர். சுற்றினார், கை ஓய்ந்தது. அடிக்கடி நிறுத்தி வந்து பார்த்தார். கடைசியில், இருக்கிறபடியே கொடுங்கள் என்றார். இன்னும் சுற்றும், இப்போது புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது என்றார் கொல்லர். எனக்குப் புள்ளிக் கோடரிதான் பிடித்திருக்கிறது என்று சொல்லி அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதையைப் படித்ததும் நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றுக்கு எட்டு என்பதுதான் என்னுடைய புள்ளிக் கோடரி. கினாபாலு கிடக்கட்டும், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மூன்றாவது வரிக்கு முழங்காலா காரணம்?

பிராங்க்ளினை நான் குறையே இல்லாதவர் என்று சொல்லவில்லை. நீதி என்பது அவர் பட்டியலில் எட்டாவது. ஆயினும் அவர் வீட்டில் பல ஆண்டுகள் அடிமைகள் இருந்தார்கள். முதுமையில், 1787இல்தான் அடிமை முறையை ஒழிக்கும் பென்சில்வேனியாச் சங்கத்துக்குத் தலைவரானார். கட்டம் போடாத இடத்தில் புள்ளி விழாது.

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பதின்மூன்றில் இல்லாத வேறொரு செய்தி. பிராங்க்ளின் தம் பன்னிரண்டாம் வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணன் அடிப்பார், தம்பி எதிர்த்துப் பேசுவார். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே, 1723இல், தம்பி பிலடெல்பியாவுக்கு ஓடிப்போய்விட்டார். பிற்காலத்தில் தன்வரலாறு எழுதும்போது, தம் வாழ்க்கையில் நேர்ந்த தவறுகளை அச்சுப்பிழைகள் என்று குறிப்பிடுகிறார். அவற்றுள் முதன்மையான சிலவற்றில் ஒன்றாக அவர் கணக்கு வைப்பது அண்ணனை விட்டு வந்த விதத்தைத்தான். அண்ணனிடம் குற்றமில்லை என்று அவர் சொல்லவில்லை. தம் பங்கை மட்டும் எழுதிக்கொண்டார்.

பத்து ஆண்டு கழித்து, 1733இல், நியூபோர்ட் நகருக்குப் போய் அண்ணனைப் பார்த்தார். பழையதை இருவரும் மறந்தார்கள். அண்ணனுக்கு அப்போது உடல் நலிந்துகொண்டிருந்தது. நான் போய்விட்டால் என் மகனை அழைத்துப் போய் அச்சுத் தொழில் கற்றுக்கொடு என்று கேட்டுக்கொண்டார்.  1735இல் ஜேம்ஸ் இறந்தார். தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பையனைச் சில ஆண்டு பள்ளிக்கு அனுப்பி, பிறகு தொழிலில் சேர்த்துக்கொண்டார். இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் அந்தப் பிழை அச்சில் அப்படியே நின்றிருக்கும்.

என் அண்ணன் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். அப்பாவின் வீடு சம்பந்தமாகப் பேசப்போய், எனக்கும் அவருக்கும் பதினான்கு ஆண்டு பேச்சில்லை. குற்றம் யார்மீது என்று இப்போது கேட்டால் நான் இன்னும் என் பக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். ஆனாலும் அன்று இரவு நோட்டில் என் பங்கை மட்டும் எழுதிப் பார்த்தேன். அப்பாவின் கருமாதி வீட்டில், பத்துப்பேர் எதிரில், அவரை நான் ஒரு சொல் சொன்னேன். அது இரண்டே வரியில் அடங்கிவிட்டது.

மறு ஞாயிறு கிள்ளானிலிருந்து பேருந்தில் புறப்பட்டேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பியா? வெயில்ல நிக்காதே, உள்ளே வா," என்றார். நான் ஒத்திகை பார்த்ததில் பாதியைத்தான் சொன்னேன். அவர், "சரி சரி, சாப்பிடு," என்று அண்ணியைக் கூப்பிட்டார். வீட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அது இன்னும் தீராமல்தான் இருக்கிறது.

வீடு திரும்பி நோட்டை எடுத்தபோது மூன்றாவது வரியைக் கோடு கிழிக்க மனம் வரவில்லை. ஒருமுறை போய் வந்தால் கணக்கு தீர்ந்துவிடுமா? அதனால் பிராங்க்ளினைப்போல் கட்டம் போட்டேன். ஞாயிறுதோறும் அண்ணனைத் தொலைபேசியில் அழைப்பது. அழைக்காத வாரத்துக்கு ஒரு புள்ளி. பிராங்க்ளின் தம் பட்டியலைப் பற்றி எழுதியது 1784இல், எழுபத்தெட்டு வயதில், பாரிசுக்கு அருகே தங்கியிருந்தபோது. சுற்றுகள் ஆண்டுக்கு ஒன்றாகி, சில ஆண்டுக்கு ஒன்றாகி, பிறகு நின்றே போயின என்கிறார். ஆனால் அந்தக் குறிப்பேட்டை மட்டும் போகுமிடமெல்லாம் கொண்டு போனாராம். நான் தொடங்கி ஏழு மாதந்தான் ஆகிறது. போன ஞாயிறு பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள்; மறந்துவிட்டேன். புள்ளி விழுந்திருக்கிறது. இந்த ஒலிப்பதிவு முடிந்ததும் அவரை அழைக்க வேண்டும்.