விளையாட்டுத் துப்பாக்கியின் தரம்



குடிமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு விதித்த நாடுகளுள் யப்பானும் ஒன்று. அந்நாட்டிலேதான், உண்மைத் துப்பாக்கியின் உருவத்தை அப்படியே கொண்டு, ஆறு மில்லிமீற்றர்ப் பிளாஸ்ரிக் குண்டுகளைக் காற்றின் வலியாற் செலுத்தும் விளையாட்டுத் துப்பாக்கி வளர்ந்தது. 'எயார்சொவ்ற்' என்பது அதன் பெயர். இரு கட்சியாகப் பிரிந்து, காடுகளிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் மறைந்து திரிந்து ஆடுவர். குண்டு பட்டவர் தாமே அதனை ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். நாணயத்தையே நடுவராக வைத்த ஆட்டம் எனலாம். இன்று பல நாடுகளிற் பரவியுள்ள இத்துப்பாக்கியை வாங்கப் புகுவோர், அதன் தரத்தை எங்ஙனம் அறிவது? பொம்மையைப் பற்றி இவ்வளவு பேச்சா எனச் சிலர் நகைக்கக்கூடும். பொம்மைதான், ஆயினும் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கவல்ல பொம்மை.

வாங்குவோர் பெரும்பாலும் முதலிற் கேட்பது, 'இது எவ்வளவு வேகமாகச் சுடும்?' என்பது. வேகத்தைக் கூட்டுவதிற் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வலிய சுருள்வில் ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் வேகம் கூடிவிடும். கூடவே, ஏனைய உறுப்புகளின் ஆயுளும் குறைந்துவிடும். யப்பானிய உற்பத்தியாளரின் சங்கங்கள் இதனை உணர்ந்து முன்னரே தமக்குத் தாமே வரம்பு வகுத்திருந்தன. 2005ஆம் ஆண்டிலே, வலுக்கூட்டப்பட்ட காற்றுத் துப்பாக்கிகளாற் சாலையிற் சென்ற வாகனங்கள் சுடப்பட்டன. அதன்பின் 2006இல் சட்டமே திருத்தப்பட்டது. ஆறு மில்லிமீற்றர்க் குண்டுக்கு ஏறக்குறைய 0.98 யூல் சக்தியே இன்று எல்லை. 0.2 கிராம் எடையுள்ள குண்டு செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்திற் சென்றால் அதன் சக்தி சரியாக ஒரு யூல். ஆகவே, எல்லை அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

வேகத்திற்கு வேலியிட்ட பின், நல்லதையும் தீயதையும் பிரித்தறிய எஞ்சுவது யாது? ஒருசீர்மை. வேகமானியின் முன்னே பத்துத் தடவை சுட்டுப் பார்க்க வேண்டும். 90, 91, 90 என்று ஒரே தாளத்திற் போகும் துப்பாக்கியையும், ஒருமுறை 84, மறுமுறை 97 எனத் துள்ளும் துப்பாக்கியையும் ஒப்பிட்டால், முன்னையதையே வாங்குவேன். பின்னையதின் உள்ளே எங்கோ காற்றுக் கசிகிறது. அல்லது குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்வதில்லை.

உள்ளே நடப்பதைச் சற்று நோக்குவோம். தோக்கியோ மருயி என்னும் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஃபாமாஸ்' என்ற மாதிரியோடு மின்சாரத் துப்பாக்கிக்கு வழி பிறந்தது. பற்றரியால் இயங்கும் மோட்டர் பற்சில்லுகளைச் சுழற்றுகிறது. கடைசிச் சில்லின் ஒரு பக்கத்தில் மாத்திரமே பற்கள் உண்டு. அப்பற்கள் முசலத்தைப் பின்னே இழுத்துச் சுருள்வில்லை நெருக்குகின்றன. பற்கள் தீர்ந்ததும் முசலம் விடுபட்டு முன்னே பாய்ந்து, உருளையிலுள்ள காற்றைக் குண்டின் பின்னே தள்ளுகிறது. தொடர்ந்து சுடும்போது ஒரு செக்கனிற் பத்துக்கு மேற்பட்ட தடவை இது நிகழும். அத்தனை அடியையும் தாங்குவது பற்சில்லுப் பெட்டியின் முன்முனை. மலிவான வார்ப்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் அவ்விடத்திலேயே.

பெட்டியைத் திறக்காமற் சோதிக்கக் காதைவிடச் சிறந்த கருவி இல்லை. சில்லுகளுக்கிடையே இடைவெளி சரியாக அமைந்திருந்தால் ஓசை வழுவழுப்பாக வரும். அரைப்பது போலவும் கீச்சிடுவது போலவும் கேட்டால், பற்கள் ஒன்றையொன்று தின்கின்றன என்று கொள்ளலாம்.

குழலின் தொடக்கத்தில், மேற்புறமாகச் சிறு றப்பர்ப் புடைப்பு ஒன்றுண்டு. குண்டு அதனை உராய்ந்து செல்கையிற் பின்னோக்கிச் சுழல்கிறது. அச்சுழற்சி அதனைக் காற்றிலே தூக்கி நிறுத்துவதால், சிறிய வேகத்துடனேயே நெடுந்தூரம் நேராகப் பறக்கிறது. இந்தச் சிறு றப்பர்தான் குறியின் உயிர். இதனை விட்டுவிட்டு, நுண்ணிய துளையுடைய விலையுயர்ந்த குழல்களைத் தேடி அலைவோர் பலர். குண்டின் விட்டம் சுமார் 5.95 மில்லிமீற்றர், மருயியின் குழல் ஏறத்தாழ 6.08. இவ்விடைவெளியை மேலும் குறைத்தாற் பயன் சிறிது இருக்கலாம். தூசு புகுந்து குண்டு இறுகும் இடரும் உண்டு. குழலைத் துடைத்து, வடுவும் குமிழும் இல்லாத குண்டுகளை வாங்கிய பின்னரும் குறி தவறினால், அப்போது குழலைக் குறை கூறலாம்.

புறத்தோற்றம் பற்றி ஒரு சொல். கையிற் கனத்தால் அது நல்ல துப்பாக்கி என்ற எண்ணம் எங்கும் உண்டு. மருயியின் துப்பாக்கிகள் பலவற்றிற்கு மேனி பிளாஸ்ரிக். இதனை இகழ்ந்து, பளபளக்கும் உலோக மேனியை நாடுபவர் உள்ளுறுப்புக்குத் தரவேண்டிய பணத்தை ஓட்டுக்குத் தருகின்றனர். உதிரி உறுப்புகள் எளிதிற் கிடைக்குமா என்று கேட்பதே அதனினும் பயனுள்ள விசாரணை. வாயுவால் இயங்கும் துப்பாக்கிக்கு வேறொரு குணமும் உண்டு: வாயு ஆவியாகும்போது கூடு குளிர்ந்து, வலி தளரும். குளிர்காலத்திற் சோர்ந்து கிடப்பது கோடையில் மூர்க்கம் கொள்ளும். ஒரு நாட் சோதனையை நம்பி அதனை எடைபோட இயலாது.

யப்பானின் ஆட்டக்களங்களில் ஆட்டம் தொடங்குமுன் துப்பாக்கிகளின் வேகத்தை அளந்து பார்ப்பது வழக்கம். செக்கனுக்கு 98 மீற்றரென அங்கே காட்டிய துப்பாக்கி ஒருசீரற்றதாயின், களத்தினுள்ளே எந்தச் சூட்டிலும் எல்லையைக் கடந்துவிடக்கூடும். எல்லை கடந்ததை வைத்திருப்பதும் அங்கே குற்றம். வேகம் குறைந்த, ஆனால் ஒருசீரான துப்பாக்கியுடன் செல்பவருக்கு இக்கவலை இல்லை. எவ்வகையாயினும், கண்ணை முழுதும் மூடிய காப்புக் கண்ணாடியை ஆட்டம் முடியும் வரை எவரும் கழற்றுவதற்கில்லை.